காவி வட்டம்

ராஜபாளையம்,
3 பிப்ரவரி 1938.

அன்புள்ள மகள் ஜெயக்கொடிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீ கல்கத்தாவில் நல்ல சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, முழங்கால்தான் எப்போதும்போல் படி ஏறவிடமாட்டேன் என்கிறது, மற்றபடி சுகம் என்று எழுதலாமென்றால் கை வரவில்லை, ஏனென்று கீழே எழுதியிருக்கிறேன், நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்ந்து வாசி. உன் ஜனவரி பன்னிரண்டாம் தேதிக் கடிதமும் கம்பளிச் சால்வையும் வந்து சேர்ந்தன. இந்த ஊர் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் சிரிக்கும், இருந்தாலும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன் தம்பி கிறிஸ்துராஜ் மதுரையில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்கிறான், படிக்கிறானா என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். அங்கே காலரா என்று பேப்பரில் போட்டிருந்தது, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாயா. மத்தியானம் சாப்பிடாமல் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்காராதே, செடி எங்கும் ஓடிப்போகாது என்று எழுத வந்தேன், அதையும் இனிமேல் எழுத முடியாது.

உன் சந்தோஷச் செய்திக்கு நான் உடனே பதில் போடாதது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். வெள்ளைக்கரட்டுச் செடி இதுவரை யாரும் எழுதி வைக்காத புதுச் செடிதான் என்று உன் செடித் தோட்டத்துப் பெரிய துரை ஒத்துக்கொண்டார், காயும் விதையும் வந்துவிட்டால் முழு வர்ணனையும் அச்சுக்குப் போகும், செடிக்கு அம்மா பெயரையே வைக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் மூன்று டீச்சர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பெருமைதான், இல்லையென்று சொன்னால் பொய். அதனால்தான் இப்போது எழுதப்போவது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஜெயக்கொடி, அந்தச் செடியை நான் எடுக்கவில்லை. அது முளைக்கிற குகையை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

தளவாய்புரத்துக்கு மேற்கே மலையடியில் தனியாகக் கிடக்கிறதே வெள்ளைக்கரடு என்கிற சுண்ணாம்புக் கல் குன்று, அதன் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் குகை. அதில் வவ்வால் புழுக்கையை அள்ளிக் கூடையில் கொண்டுவந்து தோட்டங்களுக்கு உரமாகக் கொடுப்பவள் அங்காளம்மாள். நம் வீட்டு ரோஜாவுக்குச் சனிக்கிழமைதோறும் வருவாள், கூடையை வாசலில் வைக்காதே நாறுகிறது என்று நீ ஒருதரம் சண்டை போட்டாயே, அவள்தான். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை, டீச்சரம்மாவுக்குப் பூ என்றால் பிடிக்கும் என்று அந்தச் செடியை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். இலை நாலைந்து, கல்லோடு ஒட்டிக் கிடக்கும், மேலெல்லாம் வெள்ளை ரோமம், நடுவில் நூல் மாதிரி ஒரு தண்டு, நுனியில் ஊதாப் பூ, தொண்டைக்குள் மட்டும் மஞ்சள் என்று நான் எழுதினது என் கண்ணால் பார்த்தது. ஆனால் குகைக்குள் வெளிச்சம் வந்து முடிகிற இடத்தில், தண்ணீர் சொட்டுகிற சுவரில் மட்டும்தான் இருக்கும், வெயில் படுகிற இடத்திலும் இராது, இருட்டுக்குள்ளும் இராது என்று எழுதினேனே, அது அவள் சொன்னது. அம்மாவின் பார்வை யாருக்கு வரும் என்று நீ மெச்சினது அதைத்தான். செடியை உலர்த்தி ஒட்டி அனுப்பினேனே, அந்தத் தாளின் மூலையில் சேகரித்தவர் பெயர் என்று நீ கோடு போட்டு அனுப்பின இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுதும்போது பெரிய தப்பாகத் தோன்றவில்லை, புழுக்கை அள்ளுகிறவள் பெயரைக் கல்கத்தாவில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவள்தான் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வேதத்துப் பத்துக் கற்பனைகளைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

காய் வெடிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும், எந்தச் செடியில் முதலில் பூ உதிர்ந்தது என்று அடையாளம் வைக்க வேண்டும் என்று டிசம்பரில் எழுதியிருந்தாய். அவளிடம் நூல் கட்டச் சொன்னேன், தண்டு ஒடிந்துபோகிறது என்றாள். கிறிஸ்துமஸுக்குச் சுவர் ஓரத்தில் பட்டை அடித்து மிஞ்சின காவி கொஞ்சம் இருந்தது, அதை ஒரு சிரட்டையில் போட்டுக் கொடுத்து, பூ உதிர்ந்த செடியைச் சுற்றிக் கல்லில் வட்டம் போட்டு வை என்றேன். அவள் உடனே வாங்கவில்லை. “வெடிக்காரவுக இப்பிடித்தானம்மா காவியில வட்டம் போடுதாக, வேற அடையாளம் வச்சா என்ன?” என்று கேட்டாள். வெடிமருந்துக்குக் குழி தோண்ட வேண்டிய பாறையில் காவி வட்டம் போடுவது கல் உடைக்கிறவர்களின் வழக்கம். இந்த ஊரில் மில் கட்டடங்கள் எழும்புவதால் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கல் போதாமல் ஆறு மாதமாக அந்தக் கரட்டில் வெடி வைக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான், அவர்கள் உடைப்பது கிழக்கே, உன் குகை மேற்கே, சொன்னதைச் செய் என்று அதட்டினேன். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்கிற பிள்ளையை அதட்டுகிற அதே குரல். அவள் சிரட்டையை வாங்கிக்கொண்டு போனாள்.

கிழக்கே நல்ல கல் தீர்ந்துபோய், ஜனவரி மூன்றாம் வாரம் ஆட்களை மேற்கே திருப்பியிருக்கிறார்கள். மேஸ்திரி காளிராஜ் குகை வாசலில் நின்று உள்சுவரில் வட்டங்களைப் பார்த்துவிட்டு, காண்டிராக்டரின் ஆள் வந்து அடையாளம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை குகைக்கு மேலே ஏறிக் குழி போட வைத்திருக்கிறார். கீழே நடந்து வருகிறவள் கண்ணுக்கு அது தெரியாது. மறுநாள் சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி மத்தியானம், திரி கொளுத்தும் முன் வழக்கம்போல் வெடி வெடி என்று கூவியிருக்கிறார்கள். அங்காளம்மாள் உள்ளே இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும், தினமும் கிழக்கே கேட்கிற சத்தம்தானே என்று கைவேலையைப் பார்த்திருப்பாள். அந்த நேரத்தில் நான் இங்கே இன்னும் கூடை வரவில்லையே என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம்தான் கல்லைப் புரட்டி அவளை எடுத்தார்கள். அந்தச் சுவர் இப்போது இல்லை. கரட்டில் வேறு எங்கேயும் இந்தச் செடியைப் பார்த்ததில்லை என்று அவள் புருஷன் ராக்கப்பன் சொல்கிறான்.

போன திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்க்கார் விசாரணை நடந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். வட்டம் இருந்தது, குழி போட்டேன் என்றார் மேஸ்திரி. என் ஆள் யாரும் போடவில்லை என்றார் காண்டிராக்டர். ராக்கப்பனைக் கேட்டார்கள், தன் பெண்சாதிதான் போட்டாள் என்று ஒப்புக்கொண்டான், யார் போடச் சொன்னது என்றதற்குத் தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டான். பாறையை உடைத்துவிட்டால் புழுக்கையைச் சுலபமாக அள்ளலாம் என்று அவளே வெடிக்காரர்களை ஏமாற்றியிருக்கிறாள், சாவுக்கு அவளே பொறுப்பு என்று காண்டிராக்டர் தரப்பில் சொன்னார்கள், அதையும் எழுதிக்கொண்டார்கள். நான் வராந்தாவில் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு, பள்ளிக்கூடத்துப் பாதிரி ஐயரவர்கள் என்ன சொல்வார்கள், உன் வேலைக்குக் கெடுதல் வருமோ என்றெல்லாம் மனதில் ஓடியது. அதெல்லாம் சாக்கு. பயந்துபோனேன், அவ்வளவுதான். வெளியே வந்ததும் ராக்கப்பனிடம், என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அவ கோவிப்பாம்மா, டீச்சரம்மா வேலைன்னு அம்புட்டு ஆசையாச் செஞ்சா” என்றான். அப்புறம் துண்டின் முடிச்சை அவிழ்த்து, “இது ஒங்க சாமான், அவ மடியில இருந்துச்சு” என்று என் கையில் வைத்தான். நீ கேட்ட காய்கள்.

வருகிற திங்கட்கிழமை விசாரணையை முடிக்கிறார்கள். அதற்கு முன்னால் நான் போய், காவி என் வீட்டுக் காவி, வட்டம் போடச் சொன்னது நான், வேண்டாம் என்று சொன்னது அவள் என்று எழுதிக்கொள்ளச் சொல்வேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். போன தடவை போல மறுபடியும் வராந்தாவில் நின்றுவிடுவேனோ என்று என் பேரிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் முதலில் உனக்கு எழுதி இன்றே தபாலில் சேர்க்கிறேன், உனக்குத் தெரிந்த பிறகு நான் பின்வாங்க முடியாது. கடிதம் உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். நீ எனக்காகப் பயப்படாதே, லீவு போட்டுக்கொண்டு ஓடிவரவும் வேண்டாம், உன் வேலை அங்கே இருக்கிறது.

காய்களைப் பஞ்சில் வைத்து அட்டைப் பெட்டியில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வர்ணனைக்கு எழுதிக்கொள். காய் ஏழு. நீளம் முக்கால் அங்குலம், ஊசி போல் மெல்லியது, ஈரத் துணியைப் பிழிந்தது போல் முறுக்கியிருக்கிறது, மேலே மெல்லிய ரோமம். ஐந்து மூடியிருக்கின்றன, இரண்டு நசுங்கித் திறந்துவிட்டன, விதை தூசி மாதிரி, பழுப்பு நிறம், வேகமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். மூடியிருப்பதில் ஒன்றையாவது உன் தோட்டத்தில் ஈரக் கல்லில் தூவி முளைக்கிறதா பார், இதைவிட்டால் வேறு விதை கிடையாது. மூன்று காய்களின் மேல் கருஞ்சிவப்பாகக் கறை இருக்கும், நான் துடைக்கவில்லை, துடைக்கக் கை வரவில்லை. அது காயின் நிறம் இல்லை ஜெயக்கொடி, வர்ணனையில் சேர்த்துவிடாதே.

பழைய தாளில் என் பெயரை அடித்துவிட்டு, அங்காளம்மாள், தளவாய்புரம் என்று எழுது. துரை கேட்டால் அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று சொல், கூசாதே. செடிக்கு என் பெயர் வேண்டாம், யார் பெயர் என்று நான் சொல்லாமலே உனக்குத் தெரியும். ஆண்டவர் உன்னைத் தம் கையை விட்டு விலகாமல் வைத்திருக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. பெயரை மாற்றினாயா என்று ஒரு கார்டு போடு, அதை ராக்கப்பனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஏசம்மாள்.