கை கொடுக்கச் சொல்வதா?

நெடுந்தீவு
12.06.2003

அன்பின் ஜெனீற்றாவின் அப்பாவுக்கு,

பகைவரை மன்னித்தால் அவருக்குக் கையும் கொடுக்க வேண்டுமா? இன்று ஒரு தாய் கேட்டா. நான் நல்ல சுகம். நீங்கள் பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறீர்கள்தானே?

நாளை அந்தோனியார் திருநாள். சண்டை நின்ற சமாதான காலமென்று, பூசை முடிய எங்கள் பங்கு இளைஞருக்கும் இங்குள்ள அரசாங்கப் படைமுகாம் சிப்பாய்களுக்கும் உதைபந்தாட்டம் வைத்திருக்கிறார் பங்குக் குரு, எங்கள் சுவாமி. எங்கள் கோல்காப்பாளர் றஜீபன். அவனுடைய தமையன் ஏழு வருசத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. யார் கொண்டுபோனதென்று இன்னும் தெரியாது.

"ஆட்டத்துக்கு முன்னம் கை குடுக்க வேணுமாம், ரீச்சர். மாட்டன் எண்டு நிக்கிறான். குடு எண்டு நான் சொல்லுறதோ?" என்றா அவனுடைய தாய், மேரிஜோசப்பின்.

"சுவாமியைக் கேளுங்கோவன்."

"அவர் குடு எண்டுதான் சொல்லுவார். நீங்கள் படிச்சனீங்கள்."

படித்தும் பிரயோசனமில்லை. அந்தச் சிப்பாய்களிலும் சிலர் பூசைக்கு வந்து செபமாலை சொல்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு இன்னும் குழப்பம்.

றேடியோவுக்கு இரண்டு பற்றரி அனுப்புங்கள். அது பேசாவிட்டால் இங்கே ஒரு குரலும் இல்லை. படகு வெளிக்கிடப்போகிறது, நிறுத்துகிறேன்.

அன்பு மனைவி தயானி

13.06: படகைத் தவறவிட்டேன், அதனால் இதையும் எழுதுகிறேன். வரிசையில் வந்த பதினொரு பேருக்கும் றஜீபன் கை கொடுத்தான், கையுறையைக் கழற்றாமல்.

"அதுவும் குடுத்ததுதானே, ரீச்சர்?" என்றா மேரிஜோசப்பின்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.