மல்லிகா நீட்டிய டம்ளர்

12 ஜூலை 1982, திங்கள்

இன்று எட்டாம் வகுப்பில் தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேசினேன். அங்கே வெள்ளைக்காரருக்குத் தனிக் குழாய், கறுப்பருக்குத் தனிக் குழாய் என்றதும் பிள்ளைகள், "இன்னா அநியாயம் டீச்சர்!" என்றார்கள். ராணி மட்டும் வெளியே இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்தாள். அவள் காலனிப் பெண். எங்கள் பள்ளிப் பானைத் தண்ணீரை மற்றவர்கள் டம்ளரில் குடிப்பார்கள். அவள் கையேந்தி நிற்பாள். யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள். அதையும் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மதியம் தண்ணீர் கொடுக்கும் முறை அதே வகுப்பு மல்லிகாவுடையது. ராணி கையேந்தியதும் மல்லிகா டம்ளரையே நீட்டினாள். "இந்தா, நீயே குடி." ராணி என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். குடித்தாள்.

சாயங்காலம் மல்லிகாவைக் கூட்டிப்போக அவள் அப்பா சைக்கிளோடு வந்து நின்றார். அதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் பெரிய நிலக்காரர். "எங்கியோ கீற தேசத்துக் கதைய சொல்லிக்கினு எங்க வூட்டுப் பொண்ணைக் கெடுக்கிறீங்களா டீச்சர்? மேல எழுதிப் போட்டா வேற ஊருக்குத் தூக்கிடுவாங்க, தெரியுமில்ல?"

மல்லிகாதான் பேசினாள். "டீச்சர் சொல்லல நைனா. நானாத்தான் குடுத்தேன். அவளுக்கும் தாகம் எடுக்குமில்ல?"

அவர் சைக்கிளைத் திருப்பினார். "ஏறு வண்டில" என்றார்.

மாற்றல் வருமோ என்னவோ. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் கேரியரில் உட்கார்ந்தபடியே மல்லிகா திரும்பிக் கத்தினாள்: "நாளைக்கும் நாந்தான் டீச்சர் தண்ணி குடுப்பேன்!" அவர் காதிலும் விழுந்திருக்கும். அதட்டவில்லை.

நாளை எங்கள் ஊரைப் பற்றியும் பேசிவிடுவேன்.