கதவுச் சட்டம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே நான் தங்கியிருக்கும் அறைச் சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று, பழைய சாமான் கடையில் ஒரு கதவுச் சட்டத்தின் பக்கக் கட்டையை வாங்கினேன். தேய்த்து, பெயின்ட் அடித்து, துணி தொங்கவிடக் கொக்கி வைத்து, சுவரில் மாட்டலாமென்று எண்ணம். பாதி தேய்த்தபோது, என்னோடு தங்கியிருக்கும் தையல்காரப் பெண் பதறினாள்.

“அக்கா, யாரோ தங்க பிள்ளை வளர வளர அது உயரத்தை இதுல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்காங்க. அழிச்சிட்டீங்களே!”

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மிச்சத்தையும் தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்து மாட்டிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

“உங்க பாப்பா எவ்வளவு உயரம்க்கா?” என்று நேற்று கேட்டாள். கையைத் தூக்கினேன். எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.

பாப்பாவைச் சுவரோடு நிற்க வைத்து, நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். கொண்டையைச் சேர்க்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மனைவி