செலினியம் இல்லாத புல்

மார்ச் 2

என் செல்ல சோடாபுட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய். உன் அத்தான் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது இந்த ஆட்டுப்பட்டிதான். அதிலும் மண் விழுந்துவிட்டது. பிறக்கிற குட்டிகள் கால் விறைத்துக் கிடக்கின்றன. எழுந்து நின்று பால் குடிக்கத் தெம்பில்லை. செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தேன், தொடைச் சதை வெந்த மீன்போல் வெளுத்திருந்தது. உடம்புக்குள் நடப்பதையெல்லாம் படித்தவன் ஆயிற்றே நீ, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயேன். போன வருஷமும் வருகிறேன் வருகிறேன் என்று டிமிக்கி கொடுத்தாய்.

அக்கா

மார்ச் 9

அன்பு அக்கா,

ஆய்வகத்தை விட்டு நகர முடியவில்லை, திட்டாதே. ஆனால் குட்டிகளின் நோய் புரிந்துவிட்டது. நான் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுகிற புரதம்தான் அவற்றுக்குப் போதவில்லை. உடம்பு ஆக்சிஜனைச் செலவழிக்கும்போது பெராக்சைடு என்ற கழிவு மிஞ்சும். சும்மா விட்டால், எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, அப்படித் தசையிலுள்ள கொழுப்பு கெட்டுப்போகும். இந்தப் புரதத்தில் செலினியம் என்ற தாது துளியூண்டு உண்டு. அது கழிவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துத் தான் வாங்கிக்கொள்ளும்; கழிவு வெறும் தண்ணீராகிவிடும். குளுட்டாதயோன் என்று இன்னொன்று வந்து செலினியத்தைப் பழையபடி ஆக்கும், மறுபடி வேலை தொடங்கும். உன் மண்ணில் செலினியம் இல்லை. அதனால் புல்லிலும் இல்லை, பாலிலும் இல்லை.

இத்துடன் செலினியம் மருந்து அனுப்புகிறேன். குட்டிக்கு ஒரே தடவை, மூடியில் கோடு போட்ட அளவு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. காக்கிற செலினியமே கூடிப்போனால் உயிரை வாங்கும். கவலைப்படாதே, இனி ஒரு குட்டியும் சாகாது.

உன் தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

பார்சல் வந்தது. அதற்குள் மனசு கேட்காமல் மாட்டு டாக்டரை அழைத்திருந்தேன். அன்று காலையில்தான் அவர் எல்லாக் குட்டிக்கும் விட்டமின் ஊசி போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் உன் மருந்தை, நீ சொன்னபடி ஒரே தடவை, ஊற்றினேன். டாக்டர் கொடுத்ததோடு தம்பி கொடுத்ததும் சேர்ந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். மறுநாள் குட்டிகளுக்கு மூச்சு வாங்கியது. வாயில் பூண்டு வாடை. டாக்டர் ஓடி வந்து உன் புட்டியைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் செலினியம்தாம்மா இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அந்த ஊசியிலும் அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்திருந்தால் கேட்டிருப்பாய். எல்லாம் போய்விட்டன. உன்மேல் தப்பில்லை என்று புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்க மாட்டேன் என்கிறது. கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே.

தாய் ஆடுகளுக்குப் பால் கட்டிக்கொண்டது. வலியில் கத்துகின்றன. கறந்து கறந்து மண்ணில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா