துடைக்கக் கூடாத தண்ணீர்

என் கோபக்கார அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நல்ல சேதி இருந்தால் எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். கடைசியில் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எல்லாம் நீ வாடகைக்கு ஓட்டின உன் கருப்புக் காரைப் பற்றித்தான்.

உன் வருஷத் திதிக்கு ஐயர் வந்து புண்ணியாதானம் பண்ணினார். குடத்தில் இருந்தது நம்ம அடி அண்ணாமலை வீட்டு போர் தண்ணீர், அதில் மஞ்சள் வேறு. மாவிலையால் வீடெல்லாம் தெளித்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். மிச்சத் தண்ணீரை உன் வீட்டுக்காரர், அதான் மாமா, என்ன பண்ணினார் தெரியுமா? சொம்பில் மொண்டு மொண்டு உன் கார் மேல் ஊற்றினார். உச்சி வெயில். பானட்டில் கை வைக்க முடியாத சூடு. நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"கை வெக்காத செல்வி. தீர்த்தத்தத் துடைக்கக் கூடாது. அதுவா காயட்டும்" என்றார் மாமா.

வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் துணியை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு வாய் எங்கே போனது அக்கா?

அந்தத் தண்ணீர் காய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவள் என்றாலும் பரவாயில்லை. முன்னே ஒருதரம் உனக்கு உதவி செய்கிறேன் என்று போர் தண்ணீரில் காரைக் கழுவி, வெயிலிலேயே காயவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருந்தவர்களை பெங்களூரில் விட்டுவிட்டு வந்து அலுத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுந்து வந்து வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததும் நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே.

"அது என்ன காரா, உன் புருஷனா?" என்று கேட்டேன்.

"புருஷன் மேல தண்ணி காஞ்சா பரவால்லடி" என்றாய். அதற்கப்புறம் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த முறை மூன்று நாள் வெயிலில் நின்றது. பாத்ரூம் பக்கெட்டில் படியுமே உப்பு, அந்த மாதிரி வட்டம் வட்டமாகக் கூரையெல்லாம் கறை. நாலாம் நாள் மாமா ஒரு வேக்ஸ் டப்பாவோடு வந்தார். புள்ளியை எடுக்காமல், ஒரு தரம் கழுவக்கூடச் செய்யாமல், அது மேலேயே அப்பித் தேய்த்தார். முகம் கழுவாமல் பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்களை நீ என்ன சொல்லித் திட்டுவாய்? அதையெல்லாம் மனசுக்குள் சொல்லித் தீர்த்தேன்.

"ஞாயித்துக்கெழம கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒருத்தரு வண்டி பாக்க வராரு. பளபளன்னு இருந்தா போதும். யாரு உத்துப் பாக்கப் போறாங்க?" என்றார்.

விற்கப் போகிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். சீ என்று ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் விரலுக்குத் தெரியும் என்று நீ சொல்லிக்கொடுத்த மாதிரி மெல்லிசு பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினேன். மேலே வழவழப்பு, அடியில் நறநறவென்று மணல். எவ்வளவு பெரிய பொய்.

சனிக்கிழமை காலையில் காரை வேப்பமர நிழலுக்குத் தள்ளி, தகரம் ஆறும்வரை காத்திருந்தேன். பாத்திரம் விளக்குகிற சோப்புத் தண்ணீரால் அந்த வேக்ஸை முதலில் கழற்றினேன். பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரையும் வெள்ளை வினிகரையும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து, புள்ளிகள் மேல் போர்த்தி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தேன். அப்படியே கதவு கதவாக. பின் கதவில் மஞ்சள் வழிந்த கோடு ஒன்று இருந்தது, அதுவும் போனது. பானட் நடுவில் மட்டும் ஒரு வட்டம் பெயிண்டையே அரித்திருந்தது. கீறல் எடுக்கிற காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்ததில் பாதிதான் மங்கியது.

மாமா காபி டம்ளரோடு வந்து சுற்றிப் பார்த்தார். "பரவால்லியே. இனிமே அவரு மறுபேச்சு பேசாம எடுத்துப்பாரு."

இதற்காகவா விரல் வெந்துபோகத் தேய்த்தேன்? துணியை வாளியில் போட்டேன்.

"வண்டிய விக்காதீங்க மாமா. நான் ஓட்டறேன். லைசென்ஸ் எடுத்து நாலு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரில இருக்கும்போதே அக்கா சொல்லுச்சு, வண்டிய நிறுத்தி வெக்காத, நீ ஓட்டுன்னு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நான்தான் சொல்லல."

"ஒரு வருஷமா அது வாசல்ல நிக்குது செல்வி. கதவத் தெறக்கும்போதெல்லாம் அவ வந்துட்டாளோன்னு பாக்கறேன். கண்ணுல படாம அனுப்பிடலாம்னுதான் இந்த வேலை எல்லாம். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா வித்திருப்பனா?"

எனக்கு அப்போது வந்த அருவருப்பு அவர் மேல் இல்லை அக்கா. கறை மேல் வேக்ஸ் பூசியவர் அவர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நீ சொன்னதை ஒரு வருஷம் மூடி வைத்துக்கொண்டு, அவர் எதிரில் சிரித்துக்கொண்டு சாப்பாடு போட்டவள் நான். பொம்பளை ஒருத்தி வண்டி ஓட்டினது போதாதா, இன்னொருத்தியும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டுமா என்று ஊர் பேசும் என்கிற பயம். உன்னை அப்படிப் பேசியபோது நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாயே.

மாமா போனை எடுத்து அந்த ஆளிடம் வர வேண்டாம் என்றார். பிறகு இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு வந்து, "இப்பவாச்சும் வேக்ஸ் போடலாமா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை முதல் சவாரி, செங்கம் ரோட்டில் இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு. சாவி என்னிடம் இருக்கிறது. நிழலில் நிறுத்துவேன். போர் தண்ணீர் படவிடமாட்டேன். யார் தீர்த்தம் தெளித்தாலும் வாங்கிக்கொண்டு, அவர்கள் எதிரிலேயே துடைப்பேன். பானட்டில் அந்தப் பாதி வட்டம் இருக்கிறதே, அதன் மேல் குனிந்து நேற்றுக் கொஞ்சம் அழுதுவிட்டேன். அதுவும் உப்புத் தண்ணீர்தானே. காய்வதற்குள் துடைத்துவிட்டேன், திட்டாதே.

ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த உன் தங்கச்சி,
செல்வி