வலைப்பின்னலுக்கு ஒரு ருசி

ஜூலை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தெசாங்காவுக்கு,

நானும் பசுவும் நலம். கூரை சுமார். அங்கே ஆஸ்திரியாவில், லின்ஸில், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கேட்டால் பரவாயில்லை என்கிறாய், அதற்குள் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் மணியடிக்கிறார், ஓடிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்லி அவர் மகள் கேட்கிறாள், மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். நான் "உன் இஷ்டம்" என்றேன். அது களைப்பில் சொன்னது.

இங்கே எங்களை இணைத்துக்கொண்டிருக்கிறார்கள். நகரத்திலிருந்து திஜானா என்றொரு பெண் வருகிறாள். கிராமத்துச் சிறு தொழில்களை ஒரே வலைப்பின்னலாக்குவது அவள் உத்தியோகம். தேன் எடுப்பவர், பாலாடைக்கட்டி போடுபவர், பிளம் சாராயம் காய்ச்சும் ப்லகோயே, குடைமிளகாய் போடும் நான், எல்லோரும் இப்போது தொழில்முனைவோர். கூட்டுறவு என்ற சொல்லை மட்டும் எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்தக் காலத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அரசாங்கம் ஓட்டிக்கொண்டு போன மாடுகள் நினைவுக்கு வந்து பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். ஆகவே வலைப்பின்னல். முதல் கூட்டத்தில் ப்லகோயே, "வலைன்னா சரிதாம்மா, மீனு யாரு?" என்று கேட்டார். திஜானா அதையும் குறித்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்துக்குத் தேதி பார்ப்பதிலேயே குளிர்காலம் கழிந்தது. வீட்டுக்கு ஒரு புனிதர், புனிதருக்கு ஒரு விருந்து, விருந்துக்கு ஒரு மறுநாள். எந்தப் புனிதருக்கும் சொந்தமில்லாத ஒரு நாளை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு ஊரெல்லாம் பன்றி அறுப்பு.

வசந்தத்தில் பெல்கிரேடுக் கடைக்காரர் ஒருவர் எங்கள் குடைமிளகாய் அய்வாரை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: எந்தப் புட்டியைத் திறந்தாலும் ஒரே ருசி இருக்க வேண்டும். குடைமிளகாயைச் சுட்டு, உரித்து, நாள் முழுக்க விறகடுப்பருகே நின்று விழுதாகக் கிளறிய ஒருத்தியிடம் போய், பக்கத்து வீட்டுக்காரி அய்வார் உன்னுடையதைவிடத் தேவலை என்று யார் சொல்வது? நம் மகனின் ஞானத்தாய் யெலிட்ஸாவிடம் பக்கத்து வீட்டுக்காரி அய்வார் எப்படி என்று கேட்டார்கள். "அவ அய்வாரா? சுவத்துக்குப் பூசலாம், காரை விழாது" என்றாள். வலைப்பின்னல் மூன்று வாரம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

கடைசியில் பெயர் போடாமல் ருசி பார்ப்பது என்று முடிவானது. வீட்டுக்கு ஒரு புட்டி. தட்டுகளில் எண் மட்டும் இருக்கும். நான் போன இலையுதிர்காலத்தில் கிளறிய அய்வாரை நாய் முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. அதனால் நிலவறைக்கு இறங்கி, நீ போகும்போது வைத்துவிட்டுப் போனவற்றில் கடைசிப் புட்டியை எடுத்துப் போனேன். இத்தனை நாள் ஏன் திறக்கவில்லை என்று கேட்காதே.

போன ஞாயிறு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ரொட்டியில் தொட்டுத் தொட்டுத் தின்றார்கள். பிறகு எல்லோரும் ஒரே தட்டைக் காட்டினார்கள். உடைந்த பாலத்தைக் கட்டுவதில்கூட ஒருமித்த கருத்து இல்லாத ஊர் இது. திஜானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பரஸ்பர நம்பிக்கை என்று ஏதோ சொன்னாள். விஷயம் அதுவல்ல. ஒவ்வொருவரும் அது தன்னுடையது என்று நினைத்தே காட்டினார்கள். "என் கை ருசி எனக்குத் தெரியாதா?" என்றாள் யெலிட்ஸா. நானும் அதையேதான் காட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும்.

தட்டின் எண்ணைத் திஜானாவின் பட்டியலில் பார்த்து, மிலுதின் வீடு என்று வாசித்தார்கள். பிறகு ப்லகோயே, "டேய் மிலுதின், நீ முட்டை வேகவச்சாலே தீயணைப்பு வண்டி வரணுமேடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், யெலிட்ஸா தவிர. அவள் இன்னொரு துண்டு ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றாள். "இது தெசாங்கா. பக்கத்துலயே நின்னு கிளறியிருக்கேன், என்னுதுன்னு நெனச்சேன் பாரு" என்றாள். ஆளுக்கொரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். புட்டி காலியாகிவிட்டது.

திஜானா மட்டும் உற்சாகமாக இருந்தாள். உன் செய்முறையை அளவுகளோடு எழுதி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது, யார் வேண்டுமானாலும் கிளறலாம் என்றாள். "அளவா? அவ அளந்து யாரு பாத்தா? மோந்து பாத்துட்டு எறக்கிடுவா" என்று யெலிட்ஸா சொன்னாள். அப்படியானால் எப்போது, எந்த வாசனைக்கு என்று எழுதி வாங்குங்கள் என்றாள் திஜானா. இலையுதிர்காலத்துக்குள் ஒரே ருசி வராவிட்டால் கடைக்காரர் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வாராம்.

உன்னிடம் செய்முறை கேட்டு எழுதும் பொறுப்பை வலைப்பின்னல் ஏகமனதாக எனக்குக் கொடுத்திருக்கிறது. கேட்டுவிட்டேன். நீ எழுதி அனுப்பினால் எல்லோருக்கும் சௌகரியம். யெலிட்ஸா கிளறுவாள், கடைக்காரர் வாங்குவார், நீயும் அந்தப் பெரியவரோடு இன்னும் ஓராண்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆகஸ்ட் கடைசியில் மிளகாய் சிவந்துவிடும். விறகு பிளந்து அடுக்கிவிட்டேன். ஒரு வீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று ப்லகோயே கேட்கிறார். பெரிய அண்டாவைத் தேய்த்து வைத்திருக்கிறேன். அந்தக் காலிப் புட்டியை மட்டும் இன்னும் கழுவவில்லை.

நம் வீட்டுப் புனிதர் உன் முழங்காலைக் காப்பாற்றட்டும். அந்தப் பெரியவருக்கும் நல்ல உறக்கம் தரட்டும். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

தெசாங்கா, செய்முறை மட்டும் எழுதி அனுப்பிவிடாதே.

உன்
மிலுதின்