தனியாகத் தள்ள முடியாத மெஷின்

வாசல் நிறையப் புல்லை வளர்த்து, அதை எங்கள் பொறுப்பில் விட்டுப் போன என் அம்மாவுக்கு,

ஒரு சாமான் வாங்கியிருக்கிறேன். வாங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. சரியானதைத்தான் வாங்கினேனா என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. இந்த விஷயத்தில் உன்னைத் தவிர வேறு யாரிடம் போய்க் கேட்பது?

புல் வெட்டுகிற மெஷின். சிரிக்காதே. வீட்டுக்கென்று விற்கும் சின்னது ஒன்று இருந்தது. கிளப்புகளும் பள்ளிக்கூட மைதானங்களும் வாங்கும் பெரியது ஒன்று இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று என்ன எழுத வந்தேன் என்று மறந்துபோன நாட்கள் உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு வேதியியல் ஆசிரியை புல் மெஷினுக்காக இப்படித் தவிப்பதை எந்த முகத்தோடு வெளியில் சொல்வது?

நீ புல் வைத்ததே அழகுக்கு இல்லை. வருடா வருடம் கச்சான் காற்று தொடங்கினால் முற்றத்து மணல் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். சோற்றில் மணல், படுக்கையில் மணல், ஜெபமாலைப் பெட்டியில்கூட மணல். ஏரலிலிருந்து ஆற்று வண்டலை மாட்டுவண்டியில் வரவழைத்துக் கொட்டி, அருகம்புல்லை நட்டு, கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினாய். "கடக்கரையில வயலு வைக்காளாம் வயலு" என்று தோணியிலிருந்து இறங்கி வந்த அப்பா கேலி செய்தார். "ஒங்களுக்கென்ன, நீங்க கடல்ல கெடக்கிய. மண்ணத் திங்குதது நாங்கதான்" என்றாய்.

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார மானேஜரின் பழைய மெஷினை யாரிடமோ கேட்டு வாங்கி, கடைசிவரை நீயேதான் தள்ளினாய். அப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நீ போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, முகம்கூடக் கழுவாமல் அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். கோணலும் மாணலுமாக வெட்டினார். அடுத்த வாரம் கொஞ்சம் நேராக வந்தது. பிறகு அது சனிக்கிழமை என்றில்லை, நினைத்த நேரமெல்லாம் என்றாகிவிட்டது.

அவருக்கும் வேறு என்ன இருக்கிறது, சொல். புதுத் துறைமுகம் வந்துவிட்டது. நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குத் தோணியில் சரக்கு ஏற்றிப்போன காலம் போய், கப்பலே கரைக்கு வந்து அணைகிறது. இவர் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கப்பல ஆட்டுக்குட்டி மாதிரி கட்டிப் போட்டிருக்கானுவ" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். தண்டலாக இருந்து ஒரு தோணியையே நடத்தியவருக்கு இப்போது நடத்துவதற்கு மிஞ்சியிருப்பது உன் புல் மட்டும்தான்.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. டாக்டர் பாரம் தூக்கக்கூடாது, தள்ளக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மெஷினுக்கு எண்ணெய் போட்டார். நான் கல்லூரியில் இருக்கும் நேரம் பார்த்துத் தள்ளினார். மத்தியானம் சோதனைச்சாலையில் பிள்ளைகள் நடுவில் நிற்கும்போது, இந்நேரம் வெட்டிக்கொண்டிருப்பாரோ என்று தோன்றிவிட்டால் போதும், அப்புறம் ஒரு வேலையும் ஓடாது.

அப்படி இருக்கும்போது மெஷினின் பல்சக்கரம் உடைந்தது. எனக்குச் சந்தோஷம். "பார்ட்ஸ் கெடைக்கலப்பா" என்று ஒரு மாதம் ஓட்டினேன். அவர் முகம் மழிப்பதை நிறுத்தினார். "காலேஜ்ல துருப்பிடிக்கதப் பத்திப் பாடம் எடுக்கா, வீட்டு மெஷினு துருப்பிடிச்சுக் கெடக்கு" என்று சுவரிடம் சொன்னார். பிறகு ஒரு நாள் நான் வீட்டுக்குத் திரும்பும்போது, கையில் அரிவாளோடு குத்தவைத்துப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. உதடு கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், ஏதோ தேடிக்கொண்டிருப்பவர் போலத் தரையைத் துழாவினார்.

கிறிஸ்துமஸுக்குப் பம்பாயிலிருந்து வந்த தம்பி சேவியர் ஒரே பேச்சில் முடித்துவிடப் பார்த்தான். "எதுக்கு இந்த இழுவ? முத்தம் பூரா சிமெண்டு போட்டுருவோம். மணலும் வராது, புல்லும் வெட்டாண்டாம்."

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்கம்ம மேல ஒருதரம் சிமெண்டு போட்டாச்சு. அது போதும்."

கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சிமெண்டுக்குச் சொல்லிவிட்டது சேவியர்தான். மறுவாரம் நான் அப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

சாத்தான்குளத்து அண்ணாச்சியின் இரும்புக்கடை உனக்குத் தெரியுமே. "வாங்க தண்டல். டீச்சரம்மாவும் வந்திருக்கியளா, உக்காருங்க" என்று சின்ன மெஷினை எடுத்து வைத்தார். சிவப்புப் பெயிண்ட், ரப்பர் சக்கரம். ஒரு கையால் தூக்கலாம்.

"வீட்டுக்குன்னா இதுதான். பொம்பளையாளுகூடத் தள்ளலாம்."

அப்பா கத்தியை விரலால் சுண்டிப் பார்த்தார். "தகரத்துல செஞ்சிருக்கான் அண்ணாச்சி. நம்ம உப்புக்காத்துல ஒரு கச்சானத் தாங்குமா?"

"தாங்கும்னு பொய் சொல்லமாட்டேன். அருகம்புல்லு வேற கம்பி மாதிரி இருக்கும், சமயத்துல இது மேல வழுக்கிக்கிட்டுப் போகும். தொடச்சு எண்ண போட்டு வச்சா ரெண்டு வருசம் ஓடும். பெறவு புதுசு வாங்கிக்கிட வேண்டியதுதான்."

"பெறவு வாங்குததுக்கு நான் இருக்கணுமே."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தேன்.

அப்பாவின் பார்வை கடை மூலைக்குப் போனது. "அங்கன என்ன, சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கிய?"

"அது ஒரு கிளப்புக்கு வரவழைச்சது. அவங்க பெட்ரோல்ல ஓடுதத வாங்கிட்டாங்க. அது கெடக்கு, மைதானத்துக்கு உள்ளது."

சாக்கை விலக்கியதும் அப்பா, கரையில் ஏற்றிய தோணியின் அடியைப் பார்ப்பதுபோல் அதைச் சுற்றி வந்தார். வார்ப்பிரும்பு உடம்பு. தொடைப் பருமனுக்கு ரோலர். பேரிங்குக்கு எண்ணெய் விடத் தனித்துளை. கத்தி மழுங்கினால் கழற்றிச் சாணை பிடிக்கலாம், உடைந்தால் ஒவ்வொன்றும் தனியாகக் கிடைக்கும் என்றார் அண்ணாச்சி. "இதுல்லா சாமான்" என்றார் அப்பா. கேட்கவில்லை, சும்மா சொன்னார். நம்மால் ஆகாது என்று அவருக்கே தெரியும்.

"இத ஒரு ஆளு தள்ள முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளா? நல்ல கதையா இருக்கே! முன்னால கொக்கி இருக்கு பாருங்க. அதுல கயிறு போட்டு ஒருத்தர் இழுக்கணும், பின்னால ஒருத்தர் தள்ளணும். வீட்டுக்கு எதுக்கும்மா இந்த இரும்புக் கழுத? தண்டலுக்கு வேற ஒடம்பு சரியில்லங்கிய."

அவர் சொன்னது நியாயம். விலை, எடை, டாக்டர் சொன்னது, நம் முற்றத்தின் அளவு, எதை வைத்துப் பார்த்தாலும் சின்னதுதான் சரி. பெரியதற்கு ஆதரவாக இருந்தது அதன் ஆயுள் ஒன்றுதான். அவருக்கு இந்த வயதில் இருபது வருடம் உழைக்கும் இரும்பு எதற்கு?

அப்போது உன்னை நினைத்தேன் அம்மா. நீ போனது ஒரு சாதாரண வேலைநாள். நான் கல்லூரியில், அப்பா துறைமுகத்தில். அடுப்பில் உலை கொதித்து, வற்றி, சோறு அடிப்பிடித்து, அந்தக் கருகல் வாசனைக்குத்தான் பக்கத்துவீட்டு ரீத்தாக்கா மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்திருக்கிறாள். கிணற்றடியில் கிடந்தாய். எவ்வளவு நேரமாகக் கிடந்தாய்? யாரையாவது கூப்பிட்டாயா? இதற்குப் பதில் சொல்ல யாருமே இல்லை.

சின்ன மெஷினை ஒரு கையால் தூக்கலாம். அதை எந்த மத்தியானமும், நான் எந்த வகுப்பில் நிற்கும்போதும், அவர் தனியாக முற்றத்தில் இறக்கலாம். அதுதான் அதன் குறை. தகரமோ ரெண்டு வருட ஆயுளோ இல்லை.

"பெருசே இருக்கட்டும் அண்ணாச்சி."

"நல்லா யோசிச்சியளா தாயி?"

அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு எனக்காகப் பேசினார். "யோசிக்கதுக்குத்தான அவளுக்குச் சம்பளமே குடுக்கான். வண்டியில ஏத்துங்க."

திரும்பும்போது ரிக்‌ஷாவில் கேட்டார். "முன்னால யாரு இழுக்கது?"

"நான்தான்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்ததும் "சரி" என்றார்.

அத்தோடு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. திங்கட்கிழமை நான் கல்லூரிக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே தனியாகத் தள்ளிப் பார்த்திருக்கிறார். ரீத்தாக்காதான் சொன்னாள். "அசையலளா! ஒங்கப்பா அத ஒரு மிதி மிதிச்சிட்டு, காலப் புடிச்சிக்கிட்டு உள்ள போயிட்டாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று படுத்த பிறகுதான் அது உறைத்தது. அந்த ஒரு தள்ளலிலேயே ஏதாவது ஆகியிருந்தால்? உன் மகள் புத்திசாலித்தனமாக வாங்கி வந்த இரும்பே அவரைக் கொன்றிருந்தால்? கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு வழியை எடுக்கிறோம், அது நேராக வேறு எங்கோ கொண்டுபோய் விடப் பார்க்கிறது. நீ எப்படி அம்மா ஒவ்வொன்றையும் முடிவு செய்தாய்? இல்லை, நீயும் இப்படித்தான் விழித்துக்கிடந்தாயா?

அந்தச் சனிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் இருவரும் இறங்கினோம். கயிற்றை நான் கட்டப் போனேன். "நீ கட்டினா பாதியில அவுந்துரும்" என்று வாங்கி அவரே முடிச்சுப் போட்டார். நான் சேலையைச் செருகிக்கொண்டு கயிற்றைத் தோளில் போட்டேன். மதிலுக்கு மேலே ரீத்தாக்காவின் தலை.

"ஏளா டீச்சரு, மாடு கெடைக்கலையா?"

"மாடு முன்னால போகுதுல்லா, தெரியல?" என்றார் அப்பா பின்னாலிருந்து.

"பின்னால போறது என்னது தண்டல்?"

"அது வண்டிக்காரன். நீ ஒன் அடுப்பப் பாரு."

நீ போன பிறகு அவர் இப்படி வாய்க்கு வாய் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அதட்டல் ஆரம்பித்தது. இடத்தே வா, வலத்தே பிடி, கயிற்றைத் தொங்கவிடாதே, திரும்பும்போது அகலமாகத் திரும்பு என்று அவர் ஏவ ஏவ நான் இழுத்தேன். தோணியிலிருந்த ஆட்களிடமும் இப்படித்தான் பேசியிருப்பார் போல. வெட்டு எப்படி விழுந்தது தெரியுமா? பாய் விரித்தது மாதிரி. நீயே குனிந்து கையால் தடவிப் பார்த்திருப்பாய்.

இழுப்பு முழுக்க என்னுடையது. அவர் கைப்பிடியில் கைவைத்து நடக்கிறார், திருப்பத்தில் கொஞ்சம் அழுத்துகிறார், அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனாலும் என்னால் நேராக நடக்க முடியவில்லை. நாலு எட்டுக்கு ஒருதரம் கழுத்து தானாகத் திரும்புகிறது. மூச்சு வாங்குகிறாரா, உதடு எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே இழுத்தேன். வெட்டு கோணிக்கொண்டு போனது. போன சனிக்கிழமை அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மெஷினை நிறுத்தினார்.

"என்னளா, அடிக்கொருதரம் திரும்பித் திரும்பிப் பாக்க?"

"சும்மாதான்."

"சும்மா என்ன சும்மா. முன்னால பாத்து இழு. நான் கைய விட்டுட்டம்னா மெஷினு ஒரு பக்கமா இழுக்கும், கயித்துல ஒனக்குத் தெரியாமலா போயிரும்? அதுக்குத்தான இதப் போயி வாங்கியிருக்க."

நான் மறைத்துவைத்ததாக நினைத்ததை அவர் ரயில்வே கேட்டிலேயே புரிந்துகொண்டுதான் "சரி" என்றிருக்கிறார். மறுபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இழு, வெயிலு ஏறுது" என்றார். இழுத்தேன்.

அம்மா, படுக்கையிலோ கோவில் படியிலோ சந்தைக்குப் போகிற வழியிலோ அவருக்கு எது வரும் என்று எனக்குத் தெரியாது. அங்கெல்லாம் அவரைத் தனியாக விடாமலிருக்க என்னிடம் வழியில்லை, அந்தப் பயமும் என்னை விட்டுப் போகப்போவதில்லை. ஆனால் உன் புல்லில் அவர் தனியாக இறங்கமாட்டார். இறங்குகிற ஒவ்வொரு நாளும் முன்னால் நான் இருப்பேன். இனித் திரும்பிப் பார்க்கமாட்டேன். வரப்போகும் சனிக்கிழமையிலிருந்து மதிலைப் பார்த்தே நடப்பேன். அவர் கை எடுத்தால் என் தோள் முதலில் அறியும். அன்றைக்கு ஒரு கயிற்று நீளத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மூத்தவள்,
ஸ்டெல்லா